உக்கும் பையும் கரையும் மருந்தும்

2017 செப்டம்பர் முதலாம் திகதி பொலித்தீன் சொப்பிங் பைகளுக்கும் லஞ்ச் சீட்டுகளுக்கும் தடை வந்தபோது நம்மில் பலர் தடுமாறியது நினைவிருக்கும். கல்லடியில் உள்ள எனது கடைக்கும் மாற்றுப் பை தேவைப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், மண்ணில் உக்கிப் போகும் பை என்று சொல்லி ஒரு மாதிரியைக் காட்டினார். இழுத்துப் பார்த்தேன், பலமாக இருந்தது. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குப் போதுமானதை ஒரே தடவையில் வாங்கி, கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை ஸ்டோரில் அடுக்கிவிட்டேன்.

நான்காவது மாதம், நாளாந்தம் வரும் ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிலோ சீனியும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் வாங்கிக்கொண்டு படியிறங்கினார். பை கிழிந்து போத்தல் உடைந்தது. "என்ன காக்கா, பையா இது பப்படமா?" என்று கேட்டார். ஸ்டோரில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். கட்டுக் கட்டாக இருந்த பைகள் கைபட்டதும் நொறுங்கின. போட்ட காசு போய்விட்டது.

பின்னர் அமைதியாக யோசித்தபோது ஒன்று விளங்கியது. உக்கும் என்றுதான் விற்றார்கள், உக்கித்தான் போயிற்று. எத்தனை மாதத்தில் உக்கும், எவ்வளவு சூட்டில் உக்கும், ஈரக்காற்றில் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளை நான்தான் கேட்கவில்லை.

இந்த வாரம் நான் எழுத வந்தது பையைப் பற்றியல்ல, மருந்தைப் பற்றி. ஆனால் அந்த மூன்று கேள்விகளும் இங்கேயும் வருகின்றன. உடம்புக்குள் மெல்ல மெல்லக் கரைந்து, மருந்தையோ தடுப்பூசியையோ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்ற பொருள்களை இப்போது ஆய்வுகூடங்களில் இயந்திரங்களைக் கொண்டு தேடுகிறார்கள். ஒன்றிரண்டையல்ல, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் செய்து சோதிக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன்.

பொலிமர் என்றால் என்ன?

பாடசாலைப் புத்தகங்களில் இதைப் பல்பகுதியம் என்று எழுதியிருப்பார்கள். தஸ்பீஹ் மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான சிறிய மணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட மாலையாகின்றன. அதுபோல் சிறிய இரசாயனத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இணைந்த நீண்ட சங்கிலிதான் பொலிமர். சாதாரண பொலித்தீனும் அப்படியான ஒரு சங்கிலிதான். அதன் மணிகளுக்கு இடையில் உள்ள பிணைப்பைத் தண்ணீரால் அறுக்க முடியாது. அதனால்தான் நமது வாவிக்கரையில் போட்ட பை வருடக் கணக்காக அப்படியே கிடக்கிறது.

வேறு சில சங்கிலிகளின் பிணைப்பைத் தண்ணீர் அறுத்துவிடும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தையல் வெட்டத் தேவையில்லை, நூல் தானாகக் கரைந்துவிடும் என்று வைத்தியர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1970களிலிருந்து பாவனையில் உள்ள அந்த நூல் இந்த இனத்தைச் சேர்ந்த பொலிமர்தான். இதில் பேர்போன ஒன்று லக்டிக் அமிலத்தால் ஆனது. நமது மட்டக்களப்புத் தயிருக்குப் புளிப்பைக் கொடுப்பதும் அதே அமிலம்தான். சங்கிலி அறுந்தால் உடம்புக்குப் பழக்கமான பொருளாக மாறி வெளியேறிவிடும்.

இப்படிக் கரைகின்ற பொருளுக்குள் மருந்தை வைத்தால், பொருள் கரையக் கரைய மருந்து வெளியே வரும் அல்லவா? அமெரிக்காவில் ரொபர்ட் லேங்கர், ஜூடா ஃபோக்மன் என்ற இருவர் 1976இல் முக்கியமான ஒரு விடயத்தைக் காட்டினார்கள். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் பொலிமருக்குள் வைத்து நாள் கணக்கில் மெதுவாக வெளியேற்றலாம் என்பதே அது. ஆரம்பத்தில் பலர் அதை நம்பவில்லை. ஆனால் 1989இல் புரஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு தடவை போடும் லூப்ரோன் டிப்போ என்ற ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னர் அதே மருந்தைத் தினமும் ஊசியாகப் போட வேண்டியிருந்தது. 1996இல் கிளியாடெல் வந்தது. மூளையில் உள்ள புற்றுக்கட்டியை வெட்டியெடுத்த பின்னர் அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடும் சிறிய வில்லை அது. எட்டு வில்லைகள் வரை வைப்பார்கள். அவை அங்கேயே கரைந்து மருந்தை விடும்.

பாணும் சவர்க்காரமும்

கரைவதிலும் இரண்டு வகை உண்டு. ஒரு பாண் துண்டைத் தேநீரில் போட்டால் தேநீர் உள்ளே வரை ஊறும். பிறகு துண்டு முழுவதுமாக உதிர்ந்துவிடும். லக்டிக் அமில வகைப் பொலிமர்கள் அப்படித்தான் கரைகின்றன. அவற்றில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உள்ளே அமிலம் சேர்வதால், வைத்திருக்கும் மருந்து புரதமாக இருந்தால் அது பழுதாகக்கூடும். தடுப்பூசிகளில் பெரும்பாலும் இருப்பது இப்படியான மென்மையான புரதங்கள்தான்.

மற்றது சவர்க்காரம் தேய்வது போன்றது. வெளிப்புறம் மட்டும் தேயும். உள்ளே இருப்பது கடைசிவரை காய்ந்தபடி இருக்கும். பொலிஅன்ஹைட்ரைட் என்ற பொலிமர் குடும்பம் இந்த மாதிரி. மேலே சொன்ன கிளியாடெல் வில்லை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மூலப்பொருள்களில் ஒன்றான செபாசிக் அமிலத்தை ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். அதனால் மட்டும் ஆன பொலிமர் தண்ணீரில் விரைவாகக் கரையும். தண்ணீரை அண்டவிடாத இன்னொரு மூலப்பொருளை அதனுடன் சேர்த்தால் கரைவது தாமதமாகும். விகிதத்தை மாற்றினால் சில நாட்களில் கரைவதையும் செய்யலாம், ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதையும் செய்யலாம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. எந்த விகிதம் எந்த மருந்துக்குப் பொருந்தும் என்பதை வாய்ப்பாட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும். ஒரு விகிதத்தைச் செய்து, சுத்தப்படுத்தி, மருந்தை ஏற்றி, வாரக் கணக்கில் தண்ணீரில் போட்டு அளந்து, சரிவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஆய்வு மாணவனின் வருடங்கள் இப்படியே போய்விடும்.

இயந்திரம் செய்யும் வேலை

நம்மிடம் 14 விதமான சாரமும் 8 விதமான சேட்டும் இருந்தால் எத்தனை சோடி கட்டலாம்? 112. இந்தக் கணக்கை வைத்துத்தான் 1997இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோகிம் கோன் குழுவினர் 14 மூலப்பொருள்களையும் 8 மூலப்பொருள்களையும் சோடி சேர்த்து 112 பொலிமர்களை ஒரு தொகுதியாகச் செய்து காட்டினார்கள். 2003இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் லேங்கரின் குழுவினர் அதையும் தாண்டினார்கள். ஒருபுறம் 94, மறுபுறம் 25 என்று மூலப்பொருள்களை எடுத்து, இயந்திரத்தின் உதவியுடன் 2350 பொலிமர்களைச் செய்தார்கள். மரபணுவைக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான பொலிமரைத்தான் தேடினார்கள். 2350இல் 46 மட்டும் அந்நாளில் பாவனையில் இருந்தவற்றுக்குச் சமமாகவோ அவற்றை விட நன்றாகவோ வேலை செய்தன. ஐம்பதுக்கு ஒன்றுகூட இல்லை.

வியாபாரிக் கண்ணோடு இந்தக் கணக்கைப் பாருங்கள். 2304 தோல்விகள்! கையால் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் யாரும் இவ்வளவு தோல்விக்குச் செலவழித்திருக்க மாட்டார்கள். பத்து, இருபது செய்து பார்த்து, இது சரிவராத வேலை என்று கைவிட்டிருப்பார்கள். இயந்திரம் தந்த பெரிய இலாபம் வேகம் மட்டுமல்ல. ஒரு தோல்விக்கு ஆகும் செலவை அது மிகவும் குறைத்துவிட்டது. தோல்வி மலிவானால் கூடுதலாகத் தேடலாம்.

தடுப்பூசிக்கான பொலிஅன்ஹைட்ரைட்டில் இந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள பாலாஜி நரசிம்மன், சூர்யா மல்லப்பிரகதா ஆகியோர். இருவரும் மும்பாய் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போன இரசாயனப் பொறியியலாளர்கள். நரசிம்மன் லேங்கரிடமும் பயிற்சி பெற்றவர். ஒரே தட்டில் பல விகிதங்களைச் செய்து, அவை கரையும் வேகத்தை அதே தட்டில் அளக்கும் முறையை இவர்களின் குழு 2005இல் வெளியிட்டது.

முறை இதுதான். சிறு சிறு குழிகள் நிறைந்த ஒரு தட்டு. கணினி சொல்கிறபடி இயங்கும் ஊசிப் பம்புகள் இரண்டு மூலப்பொருள்களையும் குழிகளில் விடும். முதல் குழியில் முழுவதும் ஒன்று, கடைசிக் குழியில் முழுவதும் மற்றது, இடையில் 90க்கு 10, 80க்கு 20 என்று படிப்படியாக விகிதம் மாறும். பிறகு தட்டைச் சூடாக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஒரு பொலிமர் உருவாகும். மருந்துக்குப் பதிலாக ஒரு சாயத்தை அதில் ஏற்றி, உடம்புச் சூட்டில் திரவத்தை விட்டு, எந்தக் குழியிலிருந்து எவ்வளவு சாயம் வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். இப்படியான தட்டுகளிலேயே அந்தப் பொலிமர் கலங்களைக் கொல்கிறதா, அதற்குள் வைத்த புரதம் தனது வடிவத்தை இழக்காமல் இருக்கிறதா என்பவற்றையும் சோதிக்கலாம்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்களின் சம்பவம் சந்தையில் நிற்கும் நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து விலை பேசக் கூடாது, நனைந்ததை மறைத்து விற்கவும் கூடாது என்பது நமக்கு அதிலுள்ள பாடம். இந்த ஆய்வுகூடங்களிலும் தோற்றுப்போன குழிகளின் கணக்கை மறைப்பதில்லை. அதையும் எழுதி வைத்தால்தான் அடுத்த தட்டில் எங்கே தேட வேண்டும் என்பது தெரியும்.

ஏன் இவ்வளவு பாடு?

நமது நாட்டில் குழந்தைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடுகிறார்கள். தடுப்பூசி மருந்து, செய்த இடத்திலிருந்து குழந்தையின் தொடை வரை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையிலான குளிரில் பயணம் செய்ய வேண்டும். கூடினாலும் பழுது, சில மருந்துகள் உறைந்துவிட்டாலும் பழுது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தபோது, குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்த மருந்துக்கடைக்காரர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். இன்சுலின் பாவிக்கும் சிலர் மீன்காரரிடம் ஐஸ் வாங்கிப் பிளாஸ்க்கில் போட்டு மருந்தைக் காப்பாற்றினார்கள். அதற்கு முந்திய வருடம் ஜூலையில் இங்கு வந்த பைசர் கொவிட் தடுப்பூசியை நீண்ட நாள் வைத்திருக்கப் பூச்சியத்துக்குக் கீழே 70 பாகைக் குளிர் தேவைப்பட்டது. மருந்து கைவசம் இருப்பது மட்டும் போதாது. அதைச் சுற்றியிருக்கும் பொதியும் தாங்க வேண்டும் என்பதை அந்த வருடம் உலகமே படித்தது.

ஒரே தடவை போட்டால் போதும், சூட்டையும் தாங்கும் என்ற தடுப்பூசி வேண்டும் என்று 1990இலேயே சர்வதேச அமைப்புகள் ஒரு திட்டம் ஆரம்பித்தன. அந்தக் கனவுக்கு இந்தப் பொலிமர்கள் ஒரு வழி. 2011இல் ஐயோவா குழுவினர் பிளேக் நோய்க்கான புரதத்தைப் பொலிஅன்ஹைட்ரைட் நுண்துகள்களில் வைத்து, எலிகளின் மூக்கு வழியாக ஒரே ஒரு தடவை கொடுத்து, அவற்றுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததைக் காட்டினார்கள். 2018இல் நியூமோனியாக் கிருமியின் ஒரு புரதத்தை வைத்த துகள்களை 25 பாகையில் ஏறக்குறைய இரண்டு மாதம் வைத்திருந்த பின்னர் எலிகளுக்குப் போட்டார்கள். அப்போதும் அது வேலை செய்தது.

இவை எலிகளில் நடந்தவை. இந்த முறையில் ஒரே ஊசியில் முடியும் தடுப்பூசி எதுவும் மனிதருக்கான பாவனைக்கு இன்னும் வரவில்லை. இயந்திரம் சுருக்குவது முதல் படியை மட்டும்தான். எலி, பிறகு மனிதர், பிறகு அரச அனுமதி என்ற படிகளை யாராலும் தாண்டிப் பாய முடியாது, தாண்டவும் கூடாது. ஆகவே புது ஊசி வரட்டும் என்று எந்த உம்மாவும் பிள்ளையின் நான்காம் மாத ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இது ஹலாலா?

நமது வாசகர்களிடம் எழும் கேள்வி இது. கெப்சூல் உறைகளிலும் சில தடுப்பூசிகளிலும் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. 1995இல் குவைத்தில் கூடிய உலமாக்களும் வைத்தியர்களும், மூலப்பொருள் முற்றாக வேறொன்றாக மாறிவிடுவதால் அப்படியான ஜெலட்டின் ஆகுமானது என்று கருத்துத் தெரிவித்தார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். நான் இங்கே சொன்ன பொலிமர்கள் ஆமணக்கெண்ணெய், சோளச் சீனி, பெற்றோலிய இரசாயனம் போன்றவற்றிலிருந்து ஆய்வுகூடத்தில் செய்யப்படுபவை. பொலிமரைப் பொறுத்தவரை விலங்குப் பொருள் தேவையில்லை. ஆனால் ஒரு முழு மருந்தில் வேறு பொருள்களும் இருக்கும். அந்த மருந்து கைக்கு வரும்போது உலமாக்களிடமும் வைத்தியரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

25 பாகை யாருடைய சூடு?

இனி எனது மனதில் நிற்கும் விடயத்துக்கு வருகிறேன். 25 பாகையில் இரண்டு மாதம் தாங்கியது என்று மேலே எழுதினேன். அறைச் சூட்டில் தாங்குகிறது என்று அதைச் சொல்வார்கள். யாருடைய அறை? குளிரூட்டி போட்ட அறைக்கு அது சரி. கல்லடியில் வருடத்தின் பெரும்பகுதி பகல் வேளையில் 30 பாகைக்கு மேல்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் எவ்வளவு இருக்கும் என்பதை எனது உக்கிய பைகளிடம் கேட்டால் சொல்லும்.

இதில் ஐயோவாக்காரர்களின் பிழை எதுவும் இல்லை. இயந்திரம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் தேடும். 25 பாகையில் எது தாங்கும் என்று கேட்டால் அதைத் தேடித் தரும். 35 பாகையிலும் ஈரக்காற்றிலும் எது தாங்கும் என்று கேட்டால் அதையும் தேடும். ஒரு தட்டில் நூறு குழிகள் இருக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஆனால் அதை யாராவது கேட்க வேண்டும். கேள்வி கேட்கும் இடத்தில் நம்மைப் போன்ற நாட்டவர்கள் இல்லாவிட்டால், வேறொருவரின் காலநிலைக்குச் செய்த பொருளை விலை கொடுத்து வாங்கி நமது தகரக் கூரையின் கீழ் வைக்க வேண்டியதுதான்.

நம்மால் முடியாது என்றும் சொல்வதற்கில்லை. அரசாங்கமும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து 2008இல் ஆரம்பித்த இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமையில் இருக்கிறது. எலும்பில் உள்ள ஒரு கனியுப்பின் நுண்துகள்களில் யூரியாவை ஏற்றி, பயிருக்கு மெதுவாக விடும் உரமொன்றை அங்குள்ள விஞ்ஞானிகள் செய்து, நமது நாட்டு நெல் வயலிலேயே சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். அது பொலிமருமல்ல, மருந்துமல்ல. ஆனால் மெதுவாக விடும் பொருள் என்ற எண்ணம் ஒன்றுதான். நமது மண்ணின் கேள்வியை நமது ஆட்கள் கேட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளை வைத்தியராக்க மட்டும் ஆசைப்படும் நமது பெற்றோர், இரசாயனப் பொறியியலும் மக்களின் உயிரைக் காக்கும் படிப்புத்தான் என்பதை யோசிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ரொபோ வாங்க நமக்கு வசதியில்லை. ஆனால் அதன் முறையைக் கடையில் பின்பற்ற முடியும். புதிய பொருளொன்று வந்தால் ஆறு மாதத்துக்கான சரக்கை வாங்காதீர்கள். நான்கு கம்பனியிடம் நான்கு சிறிய கட்டு எடுங்கள். ஒன்றைக் கடைக்குள்ளும் ஒன்றை ஸ்டோரிலும் ஒன்றை வெயில் படும் இடத்திலும் வைத்து, திகதி எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பழுதானதையும் கொப்பியில் எழுதி வையுங்கள். விற்க வருபவரிடம் எத்தனை மாதம், எத்தனை பாகை, ஈரத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் பெரிய ஓடர் கொடுக்க வேண்டாம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதை விசேடமாகச் சொல்கிறேன். நாளை நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிகளும் குளிர் தேவையில்லை என்ற மருந்துகளும் கூடுதலாக வரலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையை வாசித்து, உங்கள் கடையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வெப்பமானியின் விலை பெரிதல்ல. பை கிழிந்தால் ஒரு போத்தல் எண்ணெய்தான் போகும். மருந்து பழுதாகி அது தெரியாமல் விற்றால், அது ஒரு நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதற்கு நாளை மறுமையிலும் பதில் சொல்ல வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் நேர்மையையும் பரகத்தையும் தருவானாக.